கன்1 புரதம்: தூதரைத் தேடிய முப்பது ஆண்டுகள்

பச்சையமே இல்லாமல் வெளுத்துப்போன ஒரு நாற்று, ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய மரபணுக்களை உட்கருவில் விடாமல் இயக்கிக்கொண்டிருந்தது. சாதாரண நாற்று அப்படிச் செய்யாது. பசுங்கணிகம் சிதைந்துவிட்டால், அதற்குப் புரதம் அனுப்பும் மரபணுக்களை உட்கரு தணித்துவிடும். சிதைந்த செய்தி எப்படியோ உட்கருவை எட்டிவிடுகிறது என்றுதான் இதற்குப் பொருள். இந்த நாற்றில் மட்டும் அது எட்டவில்லை. ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட பழுது அதற்குக் காரணம். அந்த மரபணுவுக்குக் கன்1 என்று பெயர் வைத்தார்கள். ரொனால்ட் சூசெக், ஃபிரெடெரிக் ஆசுபெல், ஜோஆன் கோரி மூவரும் 1993இல் இதை வெளியிட்டார்கள்.

செல்லுக்குள் ஓர் அறை இன்னோர் அறையோடு எப்படிப் பேசுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடச் செறிவான நிகழ்வு தாவர அறிவியலில் குறைவு. பல ஆய்வுக்கூடங்கள் இதில் இறங்கின, பெரிய விடைகள் வந்தன, அவற்றில் சில அதே அளவு பெரிய இதழ்களிலேயே மறுக்கப்பட்டன. இத்தனையையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: "தூதுப் பொருள் எது?" என்ற கேள்வியே ஆய்வை நெடுநாள் சுற்றவைத்தது. கன்1 தூதர் இல்லை. பசுங்கணிகம் உருவாகும் வேலையில் கைகொடுக்கும் ஒரு பராமரிப்புப் புரதம் அது. அந்த வேலை தடுமாறும்போது வெளியே தெரியும் விளைவைத்தான் நாம் செய்தி என்று படித்துவந்திருக்கிறோம். இது என் வாசிப்பு. அதற்கு எதிரான சான்றுகளையும் கீழே சேர்த்தே வைக்கிறேன்.

இரண்டு இடங்களில் எழுதப்பட்ட ஒரே இயந்திரம்

காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் பாதையின் முதல் நொதி ருபிஸ்கோ. தாவரங்களில் அது பதினாறு துண்டுகளால் ஆனது, எட்டு பெரியவை, எட்டு சிறியவை. பெரிய துண்டின் மரபணு பசுங்கணிகத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்குள்ள ரைபோசோம்களே அதைக் கட்டுகின்றன. சிறிய துண்டின் மரபணுக்கள் உட்கருவில் இருக்கின்றன. அது சைட்டோபிளாசத்தில் கட்டப்பட்டு, பசுங்கணிகத்தின் இரட்டை உறையைத் தாண்டி உள்ளே வந்து பெரிய துண்டோடு சேர வேண்டும். இரண்டு இடங்களில், இரண்டு வகை ரைபோசோம்களால் தயாராகும் துண்டுகள் சரியான விகிதத்தில் வந்து சேர்ந்தால்தான் ஒரு நொதி உருவாகும்.

ருபிஸ்கோ ஓர் எடுத்துக்காட்டுத்தான். பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த சயனோபாக்டீரியா. செல்லுக்குள் குடியேறிய பிறகு அதன் மரபணுக்களில் பெரும்பாலானவை உட்கருவுக்கு இடம் மாறிவிட்டன. ஆய்வுக்கூடங்களில் அதிகம் பயன்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் பசுங்கணிக டிஎன்ஏ ஏறத்தாழ 1,54,000 இணைகள் நீளமுடையது. அதில் புரதம் தரும் மரபணுக்கள் நூறுக்கும் குறைவு. பசுங்கணிகத்தில் வேலை செய்யும் புரதங்களோ இரண்டாயிரத்துக்கும் மேல். மிச்சமெல்லாம் வெளியிலிருந்து வருபவை. ஒவ்வொன்றும் தன் தொடக்க முனையில் ஒரு வழிகாட்டித் துண்டைச் சுமந்துகொண்டு வருகிறது. வெளி உறையில் டாக் என்ற புரதக் கூட்டமைப்பும், உள் உறையில் டிக் என்ற கூட்டமைப்பும் அதை அடையாளம் கண்டு உள்ளே இழுக்கின்றன. உள்ளே வந்ததும் வழிகாட்டித் துண்டு வெட்டி எறியப்படுகிறது.

இதில் ஒரு பக்கம் மட்டும் முன்னே ஓடிவிட்டால் இழப்பு வெறும் வீண்செலவோடு நிற்பதில்லை. பச்சையமும் அதன் முன்னோடி மூலக்கூறுகளும் புரதத்தோடு சேராமல் தனியே கிடந்தால், வெளிச்சம் பட்டதும் ஆக்சிஜனைக் கொடிய வடிவத்துக்கு மாற்றிவிடும். செல் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். அதனால் உட்கருவின் கட்டளை ஒருவழியாகப் போவது மட்டும் போதாது. பசுங்கணிகத்தின் நிலைமை உட்கருவுக்குத் தெரிந்தாக வேண்டும். இந்தத் திரும்பு பாதையைப் பின்னோக்குச் சமிக்ஞை என்று சொல்கிறார்கள்.

பார்லி தந்த முதல் துப்பு

அப்படியொரு பாதை இருக்கிறது என்பதற்கான முதல் வலுவான சான்று 1979இல் பார்லியில் கிடைத்தது. வெள்ளைக் கோடுகளோடு வளரும் ஒரு பார்லி வகையில், வெள்ளைப் பகுதிச் செல்களின் கணிகங்களில் (பசுங்கணிகம் இந்தக் கணிகங்களின் பச்சையான வடிவம்) ரைபோசோமே இல்லை. அந்தக் கணிகங்களால் எந்தப் புரதத்தையும் கட்ட முடியாது. பிராட்பீர், பெர்னர் முதலானோர் கவனித்தது இதற்கு மேலான ஒன்று: அதே செல்களில், உட்கரு மரபணுக்களிலிருந்து சைட்டோபிளாசத்தில் தயாராக வேண்டிய சில பசுங்கணிகப் புரதங்களும் குறைந்திருந்தன. பழுது உள்ளே, விளைவு வெளியே. கணிகத்தில் உண்டாகும் ஏதோ ஒன்று உட்கருவைக் கட்டுப்படுத்துகிறது என்று அவர்கள் முன்வைத்தார்கள்.

"ஏதோ ஒன்று" என்ற அந்தச் சொற்களில்தான் பின்னாளைய தேடல் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு பொருள், ஒரு மூலக்கூறு, உள்ளிருந்து புறப்பட்டு உட்கருவைச் சேரும் ஒரு தூதர் என்று எல்லோரும் எண்ணினார்கள். அந்தக் காலத்தில் விலங்குச் செல்களில் ஹார்மோன்களும் சமிக்ஞை மூலக்கூறுகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபட்டுக்கொண்டிருந்தன. அப்படி எண்ணியதில் வியப்பில்லை.

வலை விரித்த விதம்

சூசெக், ஆசுபெல், கோரி மூவரும் செய்த சோதனையின் அமைப்பு எனக்கு இன்றும் பிடித்தமானது. நார்ஃப்ளூரசான் என்ற களைக்கொல்லி கரோட்டினாய்டு தயாரிப்பைத் தடுக்கும். கரோட்டினாய்டு இல்லாத நாற்றை வெளிச்சத்தில் வைத்தால் பச்சையத்தின் மிகை ஆற்றலைத் தணிக்க ஆளில்லாமல் கணிகம் சிதைந்து, நாற்று வெளுத்துவிடும். அந்த நிலையில் கேப் என்ற மரபணுக் குடும்பம் அடங்கிவிடும். பச்சையத்தைத் தாங்கி ஒளியைப் பிடிக்கும் புரதங்களின் மரபணுக்கள் அவை, இருப்பிடம் உட்கரு.

செய்தி எட்டாத நாற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. செய்தி எட்டினாலும் எட்டாவிட்டாலும் நார்ஃப்ளூரசானில் வளரும் நாற்று வெள்ளைதான். ஆகவே கேப் மரபணுவின் இயக்கத்தை உயிர்பிழைப்போடு கட்டிப்போட்டார்கள். கேப்பை இயக்கும் டிஎன்ஏ பகுதியை, ஹைக்ரோமைசின் என்ற நச்சு மருந்தைச் செயலிழக்கச் செய்யும் மரபணுவின் முன்னால் ஒட்டினார்கள். இப்போது நார்ஃப்ளூரசானோடு ஹைக்ரோமைசினும் கலந்த ஊட்டத்தில் விதைத்தால், செய்தி ஒழுங்காக எட்டும் நாற்றுகளில் கேப் அடங்கும், எதிர்ப்புச் சக்தியும் அடங்கும், அவை மாளும். செய்தி எட்டாதவை மட்டும் தாக்குப்பிடிக்கும். இப்படிச் சலித்தெடுத்ததில் மூன்று மரபணுக்கள் கிடைத்தன: கன்1, கன்2, கன்3. பின்னர் கன்4, கன்5 சேர்ந்தன.

இந்தச் சோதனையின் வலிமை எவ்வளவோ அவ்வளவு அதன் எல்லையும் முக்கியம். கெடுதல் நேர்ந்தபோது கேப் அடங்குகிறதா என்ற ஒன்றைத்தான் அது கேட்கிறது. கேப் அடங்காமல் இருக்கப் பல காரணங்கள் இருக்கலாம். தூதர் இல்லாமல் போவது அதில் ஒன்று. கணிகத்தின் உள்நிலை வேறு விதமாக மாறிப்போய், அனுப்பவேண்டிய செய்தியே மாறிப்போவது இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் திறன் அந்த வலைக்கு இல்லை. அதைச் சில ஆண்டுகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

மெக்னீசியம் புரோட்டோபோர்ஃபைரின்: ஏற்றமும் இறக்கமும்

கன்2 முதல் கன்5 வரையிலான மரபணுக்களின் அடையாளம் தெரிந்தபோது எல்லாம் ஒரே திசையைக் காட்டின. பச்சையமும் ஹீமும் ஒரே வேதிப்பாதையில் பிறந்து, நடுவில் பிரிகின்றன. பிரியும் இடத்தில் நிற்கும் மூலக்கூறு புரோட்டோபோர்ஃபைரின். அதில் மெக்னீசியத்தைச் செருகினால் பச்சையத்தை நோக்கிப் போகும், இரும்பைச் செருகினால் ஹீம். கன்5 என்பது மெக்னீசியம் செருகும் நொதியின் ஒரு துணையலகு. 2001இல் இது வெளிவந்தது. கன்4 அந்த நொதியைத் தூண்டிவிடும் புரதம் என்று 2003இல் தெரிந்தது. கன்2, கன்3 இரண்டும் ஹீமைச் சிதைத்து வேறொரு நிறமியாக்கும் கிளையில் வருபவை.

நான்கு மரபணு, ஒரே பாதை. தூதர் இந்தப் பாதையில்தான் எங்கோ இருக்கிறார் என்று யாருக்கும் தோன்றும். 2003இல் ஓஸா ஸ்ட்ராண்ட், கோரி முதலானோர் நேச்சர் இதழில் ஒரு பெயரைச் சொன்னார்கள்: மெக்னீசியம் புரோட்டோபோர்ஃபைரின். நார்ஃப்ளூரசானில் வளர்ந்த சாதாரண நாற்றில் அது தேங்குகிறது, கன்2, கன்5 பழுதான நாற்றில் குறைவாகத் தேங்குகிறது, சுவர் நீக்கிய இலைச் செல்களுக்கு அதை ஊட்டினால் ஒளிச்சேர்க்கை மரபணு அடங்குகிறது என்று மூன்று சான்றுகள். தேடியது கிடைத்துவிட்டது போலவே இருந்தது. பாடநூல்களிலும் படம் வரையப்பட்டது.

2008இல் இரண்டு குழுக்கள், ஒன்று பிரிட்டனில், இன்னொன்று ஜப்பானில், தனித்தனியே இதை அளந்து பார்த்தன. நார்ஃப்ளூரசானில் வளர்ந்த நாற்றுகளில் மெக்னீசியம் புரோட்டோபோர்ஃபைரின் தேங்கவில்லை, மிகக் குறைவாகவே இருந்தது. அந்தப் பாதையின் வெவ்வேறு படிகளில் பழுதான செடிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதும், அதன் அளவுக்கும் உட்கரு மரபணுக்களின் இயக்கத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. இரு குழுவும் ஒரே இதழில், ஒரே ஆண்டில், ஒரே முடிவைச் சொன்னது கருதுகோளை ஏறக்குறைய சாய்த்துவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். மரபணுச் சான்று தப்பாகவில்லை. கன்4ஓ கன்5ஓ பழுதானால் கேப் அடங்குவது உண்மையிலேயே தடைப்படுகிறது. அதை எத்தனையோ பேர் மீண்டும் பார்த்திருக்கிறார்கள். தவறிப்போனது, அந்தச் சான்றிலிருந்து "இந்தப் பாதையில் தேங்கும் பொருள்தான் தூதர்" என்று தாவியது. 2011இல் கோரியின் குழுவே அந்தத் தாவலைத் திருத்தும் விதமான ஒரு முடிவை வெளியிட்டது. இரும்பைச் செருகும் நொதி ஒன்றை, ஃபெரோகெலட்டேஸ்1ஐ, மிகையாகத் தயாரிக்கும் செடியிலும் கேப் அடங்கவில்லை. ஆகவே ஹீம் ஊக்கச் செய்தியாக இருக்கலாம், நலமான கணிகம் ஹீமை அனுப்பி "இயக்கு" என்று சொல்லலாம், கணிகம் சிதைந்தால் அது நின்றுபோகலாம். அதாவது திசையே தலைகீழாகிறது. முன்னே எதிர்மறைத் தூதரைத் தேடினார்கள், இப்போது நேர்மறைத் தூதரின் இல்லாமை. ஹீம் கருத்து இன்றும் உயிரோடு இருக்கிறது. பழைய கன்2, கன்3 சான்றுகளோடும் ஒத்துப்போகிறது, ஏனென்றால் அவை பழுதானால் ஹீம் சிதைவது குறையும்.

கன்1 மட்டும் ஏன் வேறு?

கன்1 இந்தக் கூட்டத்தில் சேரவில்லை என்பது முன்பே தெரிந்திருந்தது. லின்கோமைசின் என்ற மருந்து கணிகத்தின் ரைபோசோமை நிறுத்தும், நார்ஃப்ளூரசானைப் போல் ஒளியால் சிதைக்காது. லின்கோமைசின் கொடுத்தாலும் சாதாரண நாற்றில் கேப் அடங்கும். கன்2 முதல் கன்5 வரை பழுதானவற்றிலும் பெரும்பாலும் அடங்கும். கன்1 பழுதானதில் மட்டும் அடங்காது. இரண்டு வேறுபட்ட கெடுதல்கள், இரண்டிலும் கன்1 தேவை. கன்1 பழுதோடு கன்4 அல்லது கன்5 பழுதையும் சேர்த்தால் விளைவு கூடுகிறது. ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள் என்றால் அப்படிக் கூடவேண்டியதில்லை.

2007இல் கன்1இன் அடையாளம் சயன்ஸ் இதழில் வந்தது. அது கணிகத்துக்குள் இருக்கும் ஒரு பிபிஆர் புரதம். 35 அமினோ அமிலம் கொண்ட ஓர் அலகு மீண்டும் மீண்டும் வரும் புரதக் குடும்பம் இது. தாவரங்களில் இந்தக் குடும்பம் மிகப் பெரியது, அராபிடாப்சிஸில் மட்டும் ஏறக்குறைய 450 உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கணிகத்திலோ மைட்டோகாண்ட்ரியாவிலோ ஆர்என்ஏவைப் பற்றி, வெட்டவும் திருத்தவும் காக்கவும் உதவுபவை. கன்1இன் வால்முனையில் எஸ்எம்ஆர் என்ற வேறொரு பகுதியும் இருந்தது. குடும்பத்தைப் பார்த்தால் ஆர்என்ஏ வேலை. ஆனால் எந்த ஆர்என்ஏவையும் பற்றுவதாகத் தெரியவில்லை.

அதே கட்டுரை, ஏபிஐ4 என்ற உட்கருப் படியெடுப்புக் காரணி (மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ செய்யும் புரதம்) கன்1இன் செய்தியைப் பெறுவதாகச் சொன்னது. நடுவில் இருக்கும் இடைவெளியை 2011இல் இன்னொரு குழு நிரப்பியது. பிடிஎம் என்ற புரதம் பசுங்கணிக உறையில் பதிந்திருக்கிறது, சமிக்ஞை வந்ததும் வெட்டப்பட்டு, அதன் முன்பகுதி உட்கருவுக்குப் போய் ஏபிஐ4ஐ இயக்குகிறது. அழகான சங்கிலி: கன்1, பிடிஎம், ஏபிஐ4. உறையிலிருந்து கழன்று உட்கருவுக்குப் போகும் புரதம், தேடிய தூதரின் உருவத்துக்கு அச்சாகப் பொருந்தியது.

இந்தச் சங்கிலியும் நிலைக்கவில்லை. பிடிஎம் இல்லாத நாற்றுகளைப் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து சோதித்து, அவற்றில் கேப் வழக்கம்போல அடங்குகிறது என்று 2017இல் வெளியிட்டன. 2019இல் ஏபிஐ4க்கும் அதே நிலை: அதில் பழுதான பல வகைகளை வைத்துப் பார்த்தும், கணிகம் உருவாகும் கட்டத்துச் சமிக்ஞைக்கு அது தேவைப்படவில்லை. பெரிய முடிவுகளையும் இப்படி மறுசோதனை செய்து வெளியிடுவது இத்துறைக்குப் பெருமை சேர்ப்பது. எத்தனையோ துறைகளில் இப்படி நடப்பதில்லை.

உட்கருப் பக்கத்தில் நிலைத்து நிற்பவை ஜிஎல்கே1, ஜிஎல்கே2 என்ற இரு படியெடுப்புக் காரணிகள். ஒளிச்சேர்க்கை மரபணுக்களை நேரடியாகத் தூண்டுபவை அவை. கணிகம் கெடும்போது ஜிஎல்கே1 குறைகிறது, கன்1 பழுதானால் அவ்வளவாகக் குறைவதில்லை, ஜிஎல்கே1ஐ மிகையாக வைத்தால் கன்1 பழுதானதைப் போலவே கேப் தொடர்ந்து இயங்குகிறது. செய்தி வந்துசேரும் முகவரி இது என்பதில் ஐயம் குறைவு. புறப்படும் முகவரிதான் இன்னும் சிக்கல்.

அளவில் மிகக் குறைந்த புரதம்

கன்1 பற்றிய என் பார்வையை மாற்றியது 2018இல் வந்த ஒரு வேலை. ரால்ஃப் போக்கின் ஆய்வுக்கூடம் கன்1 புரதம் எங்கே, எப்போது, எவ்வளவு இருக்கிறது என்ற எளிய கேள்வியை எடுத்துக்கொண்டது. கன்1இன் ஆர்என்ஏ செடியில் தாராளமாக இருக்கிறது, புரதம் மட்டும் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. தயாரானதும் கிளிப் என்ற புரதச் சிதைப்பு இயந்திரம் அதை விரைவாக உடைத்துவிடுகிறது. பாதியளவு சிதைய ஏறக்குறைய 4 மணி நேரம்தான். பசுங்கணிகங்கள் புதிதாக உருவாகிக்கொண்டிருக்கும் இளம் திசுக்களில் மட்டும் சிறிது தேங்குகிறது. நார்ஃப்ளூரசானோ லின்கோமைசினோ கொடுத்தால் சிதைவது நின்று, அளவு கூடுகிறது.

இது சொல்வது என்ன? கன்1 எப்போதும் காவலுக்கு நிற்கும் உணர்கருவி இல்லை. பசுங்கணிகம் கட்டப்படும் குறுகிய காலத்தில், அல்லது கட்டுமானம் தடைப்பட்டபோது, தேவைக்கேற்ப இருத்திவைக்கப்படும் புரதம். முதிர்ந்த இலையில் அதற்கு வேலை மிகக் குறைவு.

இதே குழு 2019இல் அடுத்த படிக்குப் போனது. கன்1, கணிகத்துக்குள் புரதத்தை இழுத்துக்கொள்ள உதவும் ஹெச்எஸ்சி70 வகைத் துணைப்புரதத்தோடு சேர்கிறது. கன்1 இல்லாத நாற்றில், கெடுதல் நேரத்தில் புரத இறக்குமதி தடுமாறுகிறது. கிடங்கின் வாசல் அடைபட்டால் சரக்கு வண்டிகள் சாலையில் நிற்பது போல, வழிகாட்டித் துண்டு வெட்டப்படாத முன்புரதங்கள் சைட்டோபிளாசத்தில் தேங்குகின்றன. மடிப்புக் குலைந்த புரதத்தைச் சமாளிக்கும் ஹெச்எஸ்பி90 துணைப்புரதம் அங்கே கூடுகிறது. ஹெச்எஸ்பி90ஐ அடக்கினால் கன்1 பழுதின் அடையாளமும் மங்குகிறது. எனவே கேப் தொடர்ந்து இயங்குவது, வெளியே நிகழும் மடிப்பு நெருக்கடியின் விளைவு என்று அவர்கள் முன்வைத்தார்கள்.

இந்த விளக்கத்தில் தூதர் என்று தனியே யாரும் கிடையாது. உள்ளே போகவேண்டிய புரதங்களே, போகமுடியாமல் நிற்கும்போது செய்தியாகிவிடுகின்றன. இரண்டு அறைகளுக்கிடையே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் போக்குவரத்தே உரையாடலும் ஆகிறது. எனக்கு இது மிகவும் நம்பத்தக்கதாகப் படுகிறது. ஆனால் ஒரு முரண் இருக்கிறது, அதை ஒதுக்கக்கூடாது. டாக்159 என்ற ஏற்புப் புரதம் இல்லாத செடியிலும் இறக்குமதி கெடுகிறது, அங்கே ஒளிச்சேர்க்கை மரபணுக்களும் ஜிஎல்கே1உம் அடங்குகின்றன. இறக்குமதி கெட்டால் ஓரிடத்தில் அடங்குகிறது, இன்னோரிடத்தில் அடங்காமல் நிற்கிறது. எந்தப் புரதம், எந்த வயதுத் திசுவில், எவ்வளவு தேங்குகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறலாம். அப்படி மாறுகிறது என்று நேராகக் காட்டும்வரை இறக்குமதி விளக்கம் பாதி விளக்கம்தான்.

கூட்டாளிகளின் பட்டியல் நீள்கிறது

கன்1 யாரோடெல்லாம் சேர்கிறது என்று தேடியவர்களுக்கு ஏராளமான பெயர்கள் கிடைத்தன. 2016இல் கணிக ரைபோசோமின் ஒரு புரதம், 2019இல் ஆர்என்ஏ திருத்தத்தில் பங்கெடுக்கும் மார்ஃப்2, பச்சையப் பாதையின் நொதிகள், துணைப்புரதங்கள். டோக்கியோவிலும் சவுத்தாம்ப்டனிலும் இயங்கும் குழுக்கள் சேர்ந்து, கன்1 ஹீமையும் அதன் உறவு மூலக்கூறுகளையும் பற்றுகிறது, ஃபெரோகெலட்டேஸ்1இன் வேகத்தைக் கூட்டுகிறது, அந்தப் பாதையின் ஓட்டத்தைக் குறைக்கிறது என்று காட்டின. இந்தக் கடைசி முடிவு தனி மதிப்புடையது. கன்1ஐயும் மற்ற நான்கு கன் மரபணுக்களையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது இது ஒன்றுதான்.

கூட்டாளிப் பட்டியல்களை நான் எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன். இயல்பில் மிகக் குறைவாக இருக்கும் ஒரு புரதத்தை, கண்ணுக்குத் தெரிவதற்காக மிகையாகத் தயாரிக்கவைத்து, பிறகு யார் ஒட்டுகிறார்கள் என்று பார்த்தால் பலர் ஒட்டுவார்கள். துணைப்புரதங்கள் எதனோடும் ஒட்டக்கூடியவை. ஒவ்வொரு கூட்டாளிக்கும் அந்தச் சேர்க்கையை மட்டும் முறித்து விளைவைப் பார்க்கும் சோதனை வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை.

ஒப்பீட்டுக்கு ஒன்று. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து உட்கருவுக்குப் போகும் செய்தியில் தூதரை நேரடியாகவே காட்ட முடிந்திருக்கிறது. ஏஎன்ஏசி017 என்ற படியெடுப்புக் காரணி எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வில் வாலால் பதிந்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சுச் சங்கிலி தடைப்படும்போது அது வெட்டுண்டு உட்கருவுக்குப் போய், மாற்று ஆக்சிடேஸ் மரபணுவை இயக்குகிறது. 2013இல் வெளிவந்த இந்த வேலை இன்றும் நிற்கிறது. பசுங்கணிகத்திலேயே இன்னொன்று: வறட்சியிலும் மிகை ஒளியிலும் எஸ்ஏஎல்1 என்ற நொதி செயலிழக்க, அது சிதைக்கவேண்டிய சிறு மூலக்கூறு தேங்கி, உட்கருவில் ஆர்என்ஏ சிதைப்பு நொதிகளைத் தடுக்கிறது. ஆகவே தூதர்கள் இருக்கிறார்கள். கன்1இன் நிகழ்வில்தான் அவர்களைத் தேடியது பயன் தரவில்லை.

ஈரற்செடியும் ராஃப்லீசியாவும்

2022இல் சுவி ஹொன்கனென், இயன் ஸ்மால் இருவரும் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து பிடித்தார்கள். கன்1 எவ்வளவு பழையது? நிலத்தாவரங்கள் தோன்றுவதற்கு முன்பே, அவற்றின் பாசி முன்னோர்களிடம் அது உருவாகிவிட்டது. 47 கோடி ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு. அன்றிலிருந்து நிலத்தாவரங்கள் எல்லாவற்றிலும் அது பெரிதும் மாறாமல் வந்திருக்கிறது. அது காணாமல்போன இடம் ராஃப்லீசியா குடும்பம். ஒட்டுண்ணிகளான அந்தத் தாவரங்கள் பசுங்கணிக டிஎன்ஏவையே இழந்துவிட்டவை. கணிகத்தில் மரபணுக்கள் இருக்கும்வரை கன்1 இருக்கிறது, அவை போனால் கன்1உம் போகிறது.

மார்கான்ஷியா என்ற ஈரற்செடியில் கன்1ஐ நீக்கிப் பார்த்தார்கள். அராபிடாப்சிஸில் பார்த்ததுபோல் பின்னோக்குச் சமிக்ஞையில் அதற்கு இடம் தெரியவில்லை. கன்1இன் முதன்மை வேலை பசுங்கணிகத்தின் சொந்த மரபணுக்களை வெளிப்படுத்துவதில் இருக்கலாம், உட்கருவுக்குச் செய்தி போவதில் அதன் பங்கு பின்னாளில் வந்து சேர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. என் வாசிப்புக்கு இதைவிட வலுவான தூண் இல்லை. தொடர்ந்து 2024இல், கன்1 கணிகத்தின் சில ஆர்என்ஏக்களைப் பற்றி அவை முதிர்ச்சியடைய உதவுகிறது என்ற அறிக்கை வந்தது. 2007இல் குடும்ப முகத்தைப் பார்த்ததும் எழுந்த ஊகம், இத்தனை சுற்றுக்குப் பிறகு மீண்டும் முன்னே வந்து நிற்கிறது.

கன்1 இல்லாத செடி நல்ல சூழலில் ஏறக்குறைய இயல்பாகவே வளர்கிறது என்பதும் இதோடு பொருந்துகிறது. நெடுநேர இருட்டுக்குப் பின் வெளிச்சத்துக்கு வரும்போதுதான் அது பச்சையாவதில் தடுமாறுகிறது. கணிக ரைபோசோமின் சில புரதங்களில் ஏற்கெனவே பழுதுள்ள செடியில் கன்1ஐயும் நீக்கினால் நாற்றுப் பருவத்திலேயே இறக்கிறது. கட்டுமானம் நெருக்கடிக்கு உள்ளாகும்போதுதான் கன்1இன் தேவை தெரிகிறது.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

கன்1 கணிகத்துக்குள் இருக்கிறது, கணிகம் உருவாகும் கட்டத்தில் செயல்படுகிறது, அதன் இன்மை உட்கருவில் ஜிஎல்கே1 வழியாகத் தெரிகிறது. இவை உறுதி. ஹீம் ஓர் ஊக்கச் செய்தி என்பது வலுவான கருதுகோள், ஆனால் அது கணிகத்திலிருந்து உட்கருவரை எந்தப் புரதத்தின் கையில் போகிறது என்பது திறந்தே இருக்கிறது. இறக்குமதி நெருக்கடி உண்மையில் நிகழ்கிறது, அது முதற்காரணமா இல்லை கணிக மரபணு வெளிப்பாடு கெட்டதன் பின்விளைவா என்பதில் இன்னும் வழக்குத் தீரவில்லை. இவற்றில் பெரும்பகுதி நச்சு கலந்த ஊட்டத்தில் வளர்ந்த இளநாற்றுகளிலிருந்து வந்த தரவு என்பதையும் மறக்கக்கூடாது. நார்ஃப்ளூரசான் கொடுத்த கணிகம் இயற்கையில் எந்தச் செடியும் சந்திக்காத அளவுக்குச் சிதைந்த கணிகம்.

என் வாசிப்பைத் தீர்த்துவைக்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கன்1இன் பிபிஆர் அலகுகளில் ஆர்என்ஏவைப் பற்றும் அமினோ அமிலங்களை மட்டும் மாற்றி, ஹீமைப் பற்றுவதும் துணைப்புரதத்தோடு சேர்வதும் கெடாத ஒரு வடிவத்தைக் கன்1 இல்லாத செடியில், அதன் சொந்த அளவிலேயே வைக்க வேண்டும். பிறகு லின்கோமைசின் கொடுத்துக் கேப்பை அளக்க வேண்டும். கேப் அடங்காமல் போனால், ஆர்என்ஏ வேலை கெட்டதே செய்தி மாறியதற்குக் காரணம் என்று ஆகும். கேப் வழக்கம்போல அடங்கிவிட்டால், கன்1 ஆர்என்ஏவோடு தொடர்பில்லாத வேறோர் வேலையைச் செய்து செய்தியை உண்டாக்குகிறது, மேலே நான் சொன்ன வாசிப்பைக் கைவிட வேண்டியதுதான்.